சுக்குக் கசாயமும் பூண்டெண்ணெயும் எங்கள் வீட்டு மூன்று காதுகளும்

மூன்று வருஷத்துக்கு முந்தி, தடைக்காலம் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருக்கும். விடிகாலையில் தூக்கத்தில் வலப்பக்கம் புரண்டேன், அவ்வளவுதான், கூரை சுழல ஆரம்பித்தது. கண்ணை மூடினாலும் நிற்கவில்லை. கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். முப்பது, நாற்பது எண்ணுவதற்குள் தானாக நின்றுவிட்டது, ஆனால் குமட்டல் மட்டும் மத்தியானம் வரை போகவில்லை.

எனக்கு அப்போது 43 வயது. மண்டபம் பக்கம் கருவாடு வாங்கி விற்கிற தொழில். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, பச்சை மீன் குறையும், கருவாட்டுக்குக் கேட்பு கூடும், வருஷத்தில் எனக்கு ஓயாத வேலை அந்த இரண்டு மாதம்தான். அந்த நேரத்தில் குனிந்து கருவாட்டைப் புரட்டினால் சுற்றுகிறது, மேலே பரணில் இருக்கிற சாக்கை எட்டிப் பார்த்தால் சுற்றுகிறது.

பித்தம் தலைக்கேறிவிட்டது என்றார்கள். எங்கள் ஊரில் கிறுகிறுப்பு என்றாலே பித்தம்தான். அம்மா சுக்கு, மல்லி, மிளகு தட்டிப்போட்டுக் கசாயம் வைத்துக் கொடுத்தார்கள். சின்னம்மா வெறும் வயிற்றில் இஞ்சிச் சாற்றில் தேன் விட்டுக் குடிக்கச் சொன்னார்கள். பக்கத்து வீட்டு அக்கா நல்லெண்ணெயில் இரண்டு பல் பூண்டைப் போட்டுச் சிவக்கக் காய்ச்சி, சூடு ஆறியதும் காதில் விட்டுப் பஞ்சு வைத்துவிட்டார். நாட்டு மருந்துக் கடையில் ஒரு சூரணம். மெடிக்கலில் போய்ச் சொன்னதும் தலைசுற்றல் மாத்திரை ஒரு அட்டை. பதினோரு நாள் இதெல்லாம் சேர்ந்து ஓடியது. குமட்டல் உண்மையிலேயே குறைந்தது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் வலப்பக்கம் புரண்டால் கூரை சுழல்வது மட்டும் அப்படியே இருந்தது.

பன்னிரண்டாம் நாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிற சித்த மருத்துவரிடம் போனேன். ஆங்கில மருந்து பலிக்கவில்லை, நல்ல சூரணமாகத் தருவார் என்ற நினைப்பில்தான் போனேன். அந்தம்மா நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார், அப்புறம் கேட்டது மூன்றே கேள்வி. எந்தப் பக்கம் புரளும்போது வருது? எவ்வளவு நேரம் நிக்குது? காது கேக்குறதுல ஏதும் மாத்தம் உண்டா? வலப்பக்கம், ஒரு நிமிஷத்துக்குள்ளே, காது நன்றாகத்தான் கேட்கிறது என்றேன். "இது பித்தம் இல்லம்மா, உள்காதுல இருக்கிற துகள் இடம் மாறியிருக்கும்போல. இதுக்குக் குடிக்கிற மருந்து என்கிட்டயும் இல்ல, யார்கிட்டயும் இல்ல. ராமநாதபுரம் போங்க, காது மூக்கு தொண்டை டாக்டர் தலையைத் திருப்பி ஒரு பயிற்சி கொடுப்பாங்க" என்றார். ஒரு சித்த மருத்துவர் தன் மருந்து இதற்கு இல்லை என்று வாயால் சொல்லி அனுப்பியதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

ராமநாதபுரத்தில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதைப் பார்க்காதவர்களுக்கு நம்பிக்கை வராது. கட்டிலில் காலை நீட்டி உட்கார வைத்தார் டாக்டர். தலையை வலப்பக்கம் 45 டிகிரி திருப்பிப் பிடித்துக்கொண்டு, அப்படியே மல்லாக்கச் சாய்த்தார், தலை மட்டும் கட்டிலுக்கு வெளியே கொஞ்சம் தொங்குகிற மாதிரி. கண்ணைத் திறந்தே வைங்க என்றார். இரண்டு மூன்று வினாடி ஒன்றுமில்லை. அதற்கப்புறம் அறை சுழன்றது, நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன். என் கண் துள்ளித் துள்ளித் திரும்புவதைக் கூட வந்த தம்பி பெண்சாதி பார்த்துப் பயந்துபோனாள். அந்தத் துள்ளலைப் பார்த்துத்தான் எந்தப் பக்கக் காது, உள்காதில் எந்தக் குழாய் என்று டாக்டர் கண்டுபிடிக்கிறார். சுழற்சி நின்றதும் ஒரு நிமிஷம் அப்படியே வைத்திருந்தார், பிறகு தலையை இடப்பக்கம் திருப்பினார், ஒரு நிமிஷம். அப்புறம் உடம்போடு இடப்பக்கம் ஒருக்களித்து, முகம் தரையைப் பார்க்கிற மாதிரி, இன்னொரு நிமிஷம். அப்படியே எழுப்பி உட்கார வைத்தார். மொத்தம் ஐந்து நிமிஷம் இருக்காது. இரண்டாவது தடவை படுக்க வைத்துப் பார்த்தபோது அறை அசையவில்லை. பன்னிரண்டு நாள் என்னைப் படுத்திய சனியன், ஒரு சொட்டு மருந்து இல்லாமல் போனது.

உள்காதில் பொடிப்பொடியாகக் கால்சியம் கார்பனேட் துகள்கள் ஒரு பசை மேல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நாம் கரையில் பொறுக்குகிற சங்கு, சிப்பி ஓடெல்லாம் எந்தச் சுண்ணாம்போ அதே சுண்ணாம்புதான். தலை சாய்வதை மூளைக்குச் சொல்வது அவற்றின் வேலை. வயசாலோ, அடிபட்டோ, காரணம் தெரியாமலோ அதில் சில உதிர்ந்து பக்கத்திலிருக்கிற அரைவட்டக் குழாய்க்குள் போய்விட்டால், தலையை அசைக்கும்போதெல்லாம் அங்கே உருண்டு, உலகமே சுழல்வதாக மூளையை நம்பவைக்கும். அமெரிக்காவில் ஜான் எப்லி என்ற காது மருத்துவர் 1992-ல் எழுதி வெளியிட்ட முறைதான் எனக்குச் செய்தது. துகளை உருட்டி அதன் பழைய இடத்துக்கே கொண்டுபோகிற வேலை. உருண்டுபோன கல்லைக் கசாயம் எப்படித் தள்ளும் என்று யோசித்தால் நமக்கே விளங்கும்.

இங்கேதான் ஒரு விஷயம் உறைத்தது. இந்த வகைச் சுற்றல் ஒன்றுமே செய்யாவிட்டாலும் பலருக்குச் சில வாரத்தில் தானாகவே அடங்கும். அப்படியானால் நான் ராமநாதபுரம் போகாமல் இன்னும் பத்து நாள் இழுத்திருந்தால், கடைசியாக எதைக் குடித்தேனோ அதற்குத்தான் பேர் போயிருக்கும். ஊரில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மருந்தைச் சத்தியம் பண்ணிச் சொல்வதற்குக் காரணம் பொய் இல்லை, அவரவர் அனுபவத்தில் அது நிஜமாகவே நடந்திருக்கிறது. மருந்தைக் குடித்தார்கள், போய்விட்டது. குடிக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை மட்டும் யாரும் பார்த்ததில்லை. அதைப் பார்ப்பதற்குத்தான் ஒரு கூட்டத்துக்கு மருந்தும் இன்னொரு கூட்டத்துக்கு அதே மாதிரித் தெரிகிற வெறும் மாத்திரையும் கொடுத்து ஒப்பிடுகிறார்கள். அதைப் புரிந்துகொண்ட பிறகு ஒவ்வொரு கைமருந்தாகத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

இஞ்சியை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அதற்கு மரியாதை உண்டு. டென்மார்க்கில் 1986-ல் எட்டுப் பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். காதில் தண்ணீர் செலுத்திச் செயற்கையாகச் சுற்றல் வரவைத்து, சிலமுறை இஞ்சிப் பொடியும் சிலமுறை வெறும் பொடியும் கொடுத்தார்கள். இஞ்சி சாப்பிட்டபோது சுற்றல் குறைவாகத் தெரிந்தது. ஆனால் கண் துள்ளல் குறையவில்லை. அதாவது, உள்காது அனுப்புகிற தப்பான சேதி அப்படியே இருக்கிறது, அதனால் வருகிற அவஸ்தைதான் தணிகிறது. நான் அனுபவித்ததும் அதேதான். அதே நாட்டில் 1988-ல், கடல் பழக்கமில்லாத 80 கடற்படைப் பயிற்சி மாணவர்களைக் கொந்தளிக்கிற கடலில் வைத்து இஞ்சியைச் சோதித்தார்கள். ஒரு கிராம் இஞ்சிப் பொடி சாப்பிட்டவர்களுக்கு வாந்தியும் குளிர்ந்த வேர்வையும் நன்றாகக் குறைந்தது, குமட்டலும் சுற்றலும் அந்த அளவுக்குத் தெளிவாகக் குறையவில்லை. எட்டுப் பேர், எண்பது பேர் என்பது சின்னக் கணக்குதான், இருந்தாலும் திசை ஒன்றாகத்தான் இருக்கிறது. ஒரு கிராம் சுக்குப்பொடி என்பது சுமார் அரை டீஸ்பூன். சுற்றல் வந்த நாளில் குமட்டலுக்கு அதைக் குடியுங்கள், நானும் குடிக்கிறேன். காதைச் சரிபண்ணும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இஞ்சியை மருந்து அளவுக்குக் கூட்டும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது எண்ணெய். இதைப் பற்றி எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது, காரணம் என் தம்பி.

தம்பி சங்கு குளிக்கிறவன், கீழக்கரைப் பக்கம் போய்வருவான். நான் சொல்வது வாடைக்காற்று விட்டுக் கடல் தெளிந்திருந்த ஒரு மாசி மாதம். அவனுக்குச் சளி பிடித்து மூக்கடைத்திருந்தது. அன்றைக்கு நல்ல தெளிவு, விட மனசில்லை, இறங்கிவிட்டான். கீழே போகும்போது காது அடைத்தது, மூக்கைப் பிடித்துப் பலமாக ஊதினான், இடக்காதில் ஏதோ 'டொப்' என்றது. மேலே ஏறியதும் இடக்காதில் இரைச்சல், படகில் நிற்க முடியாமல் தள்ளாட்டம். கரைக்கு வந்தபோது அந்தக் காதில் செல்போனை வைத்தால் பேச்சு கேட்கவில்லை.

தண்ணீர் புகுந்திருக்கு என்று எல்லாரும் நினைத்தோம். நானும்தான். காய்ச்சிய பூண்டெண்ணெய், துளசிச் சாறு, ஓமவல்லி இலையை வாட்டிப் பிழிந்த சாறு என்று எட்டு நாள் அந்தக் காதில் போகாத சொட்டு இல்லை. அந்த எண்ணெயை நான்தான் என் கையால் விட்டேன். பஞ்சை எடுக்கும்போது மஞ்சளாக எண்ணெய் ஊறியிருக்கும், சளி இறங்குது என்று சந்தோஷப்பட்டோம். ஒன்பதாம் நாள்தான் டாக்டரிடம் போனோம். கேட்கும் சோதனையில் இடக்காதின் கோடு கீழே விழுந்து கிடந்தது. நடுக்காதுக்கும் உள்காதுக்கும் நடுவே இருக்கிற மெல்லிய சவ்வு கிழிந்து உள்ளே இருக்கிற திரவம் கசிந்திருக்கலாம் என்றார். அந்த எட்டு நாளில் அவன் செய்திருக்க வேண்டியது தலையை உயர்த்திப் படுத்து ஓய்வெடுப்பதும், மூக்கைச் சிந்தாமல், முக்காமல், பாரம் தூக்காமல் இருப்பதும். அவனோ மூன்றாம் நாளே வலை இழுக்கப் போயிருந்தான். வீக்கத்தைத் தணிக்கிற ஸ்டீராய்டு மருந்து கொடுத்தார்கள். கொஞ்சம் திரும்பியது, முழுசாக வரவில்லை.

காதில் விடுகிற எந்தச் சொட்டும் செவிப்பறையோடு நின்றுவிடும். செவிப்பறைக்குப் பின்னால் நடுக்காது, அதற்கும் பின்னால், எலும்புக்குள் பொதிந்து இருப்பது உள்காது. நல்லெண்ணெயோ துளசியோ அங்கே போக வழியே இல்லை. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் நடுக்காதுக்குள் போகும், அது இன்னும் கெடுதல், சீழ் பிடிக்க வைக்கும். பூண்டெண்ணெய்க்கு ஆதாரமே இல்லையா என்றால், கொஞ்சம் உண்டு, ஆனால் வேறு வியாதிக்கு. இஸ்ரேலில் 2001-லும் 2003-லும், நடுக்காது அழற்சியால் காதுவலி வந்த பிள்ளைகளுக்குப் பூண்டும் வேறு சில மூலிகைகளும் ஆலிவ் எண்ணெயில் ஊறிய சொட்டு மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2001-ல் 103 பிள்ளைகள், 2003-ல் 171 பிள்ளைகள். வலியைக் குறைப்பதில் அது மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்துக்குச் சளைக்கவில்லை. ஆனால் அந்த வலி பெரும்பாலும் தானாகவே இரண்டு மூன்று நாளில் அடங்குகிற வலி என்று செய்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். அது வலிக்கு. கேட்காத காதுக்கோ சுற்றலுக்கோ இல்லை.

ஒரு காது திடீரென்று, ஒரு நாளிலோ மூன்று நாளிலோ, கேட்காமல் போனால் அதை நெஞ்சுவலி மாதிரி நினையுங்கள். ஸ்டீராய்டு கொடுப்பதானால் முதல் இரண்டு வாரத்துக்குள் கொடுக்க வேண்டும், எவ்வளவு முந்தியோ அவ்வளவு நல்லது. வலியே இருக்காது என்பதுதான் இதில் ஏமாற்று. அழுக்கு அடைத்திருக்கு, தண்ணீர் போயிருக்கு, சளி இறங்கியிருக்கு என்று நாமே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு நாளைக் கடத்திவிடுவோம். வீட்டிலேயே ஒரு சின்ன சோதனை செய்யலாம் என்று டாக்டர் சொன்னார். வாயை மூடி 'ம்ம்ம்' என்று முனகிப் பாருங்கள். அடைத்த காதில் சத்தம் பலமாகக் கேட்டால் பெரும்பாலும் அடைப்பு. நல்ல காதில் பலமாகக் கேட்டால் உள்காது நரம்புப் பக்கம் கோளாறு இருக்கலாம், அன்றைக்கே கிளம்புங்கள். எப்படிக் கேட்டாலும் டாக்டரைப் பார்ப்பது பார்ப்பதுதான், இது அவசரம் புரிவதற்கு மட்டும்.

கடலில் இறங்குகிற பிள்ளைகளுக்கும் பாசி எடுக்கிற பெண்களுக்கும் தனியாக ஒன்று. ஆழம் குறைவு, ஒன்றும் ஆகாது என்று நினைக்காதீர்கள். தண்ணீருக்குள் பத்து மீட்டர் போவதற்குள் அழுத்தம் இரண்டு மடங்கு ஆகிவிடுகிறது, அதனால் காதுக்கு மேலோட்டமான முதல் சில மீட்டரே பெரிய மாற்றம். சளி பிடித்து மூக்கடைத்திருந்தால் இறங்கவே கூடாது. காது அடைக்க ஆரம்பிக்கும்போதே மெதுவாக ஊதிச் சமன் செய்ய வேண்டும், அடைத்த பிறகு பலம் கொடுத்து ஊதக் கூடாது. திறக்கவில்லை என்றால் மேலே வந்துவிடுங்கள்.

அம்மாவின் கதை வேறு. அம்மா முப்பது வருஷம் பாசி எடுத்தவர். காலில் தகரத் தகடு கட்டி, விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டிக்கொண்டு தீவுப் பக்கம் ஒரு நாளைக்கு எத்தனை தடவை முங்குவார் என்று கணக்கே கிடையாது. ஐந்தாறு வருஷமாக இரண்டு காதிலும் இரைச்சல், ராத்திரி ஆனால் வண்டு ரீங்காரம் மாதிரி. கொழுந்தனார் மகன் வெளிநாட்டிலிருந்து வரும்போது ஜின்கோ என்று ஒரு மூலிகை மாத்திரை வாங்கிவந்தான், காது இரைச்சலுக்கு உலகம் பூரா சாப்பிடுகிறார்கள் என்றான். உண்மைதான், சாப்பிடுகிறார்கள். இங்கிலாந்தில் 1,100-க்கும் மேற்பட்டவர்களுக்கு 12 வாரம் கொடுத்துப் பார்த்து 2001-ல் வெளியிட்டார்கள். கடைசியில் கணக்கில் வந்தவர்களில், ஜின்கோ சாப்பிட்ட 360 பேரில் 34 பேர் தொந்தரவு குறைந்தது என்றார்கள், வெறும் மாத்திரை சாப்பிட்ட 360 பேரில் 35 பேர். அமெரிக்கக் காது மருத்துவர்கள் 2014-ல் வெளியிட்ட வழிகாட்டியில் இரைச்சலுக்கு ஜின்கோ வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறார்கள். அம்மாவுக்கு இருதயத்தில் ஸ்டென்ட் வைத்து ஆஸ்பிரின் ஓடுகிறது, ஜின்கோ ரத்தக்கசிவைக் கூட்டக்கூடியது. நல்ல வேளை, அட்டையைப் பிரிப்பதற்கு முன்னாடியே இதைப் படித்தேன்.

மூலிகையை மட்டும் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், ஆங்கில மாத்திரையையும் இதே தராசில் வைக்கத்தான் வேண்டும். சுற்றல், இரைச்சல், கேட்கும் திறன் குறைவது மூன்றும் விட்டுவிட்டு வருகிற மெனியர் வியாதிக்கு எங்கும் எழுதிக்கொடுக்கிற பீட்டாஹிஸ்டினை, ஜெர்மனியில் 221 பேரிடம் ஒன்பது மாதம் சோதித்தார்கள். 2016-ல் வந்த முடிவின்படி வெறும் மாத்திரையைவிட அது சுற்றலைக் குறைக்கவில்லை. எல்லாருக்கும் முதல் மாதங்களிலேயே சுற்றல் குறைந்தது, மாத்திரை எதுவாக இருந்தாலும். மெடிக்கலில் கேட்டு வாங்கி மாதக்கணக்காகத் தலைசுற்றல் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எங்கள் தெருவிலேயே நான்கு பேர் இருக்கிறார்கள். சுற்றலை அமுக்குகிற மாத்திரையை ஓரிரு நாளுக்கு மேல் தொடர்ந்தால், மூளை தானாகச் சமநிலையைக் கற்றுக்கொள்வதையும் அது அமுக்கிவிடும்.

எனக்கு அடுத்த வருஷமும் ஒரு தடவை வந்தது, இந்தத் துகள் வியாதி திரும்பி வரக்கூடியது. இந்த முறை மறுநாளே போய்விட்டேன். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் வைட்டமின் டி குறைவு. கொரியாவில் 900-க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்து 2020-ல் வெளியிட்டிருக்கிறார்கள். வைட்டமின் டி குறைவாக இருந்தவர்களுக்கு அதையும் கால்சியத்தையும் கொடுத்ததில் திரும்பத் திரும்ப வருவது ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைந்தது. நாள் பூரா வெயிலில் கருவாடு காயவைக்கிற எனக்கு எப்படிக் குறையும் என்று கேட்டேன். நீங்க முக்காடு போட்டு, முழுக்கை போட்டுத்தானே நிக்கிறீங்க என்றார் டாக்டர்.

சுற்றலோடு பேச்சுக் குழறினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, ஒரு கை கால் வலுவிழந்தாலோ, பிடித்தாலும் நிற்க முடியாமல் போனாலோ அது காது இல்லை, மூளையாக இருக்கலாம். அப்போது சுக்குத் தட்டிக்கொண்டு நிற்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

அம்மாவுக்கு இரைச்சல் இன்னும் இருக்கிறது. டாக்டர் கேட்கும் சோதனை செய்து காதுக் கருவி வைக்கச் சொன்னார். வெளிச் சத்தம் நன்றாகக் கேட்க ஆரம்பித்ததும் உள் சத்தம் பின்னுக்குப் போயிருக்கிறது. ராத்திரி கருவியைக் கழற்றியதும் திண்ணையில் கட்டிலைப் போட்டுக்கொள்கிறார், கடல் சத்தத்தில் வண்டு தெரியவில்லை என்கிறார். சுக்கு மல்லிக் காப்பி இப்போதும் அவர்தான் போடுகிறார், அதை விடச் சொல்ல எனக்கு ஒரு காரணமும் இல்லை.

தம்பி இப்போது இறங்குவதில்லை. படகில் ஆளாக மட்டும் போகிறான். இறங்கப்போகிற பையன்களை விளிம்பில் உட்கார வைத்து, ஒவ்வொருவனையும் மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதிக் காட்டச் சொல்கிறான். காது திறக்காத பையனை அன்றைக்குத் தண்ணீரில் விடுவதில்லை. அவர்கள் பேசுவதைக் கேட்க வலக்காதைத் திருப்பிக்கொண்டுதான் நிற்கிறான்.